வாசகர் கேள்வி-பதில்: வாழைப்பழத்தின் கணக்கு

கடல் கடந்து பல ஆயிரம் கிலோமீட்டர் வரும் வாழைப்பழத்தை வாங்கிச் சாப்பிடுவது சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லையா?

தூரத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். பழம் எதில் ஏறி வந்தது என்று பாருங்கள். குளிர்பதனக் கப்பலில் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த, ஏறத்தாழ 10 முதல் 20 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஈக்வடாரிலிருந்து வட ஐரோப்பாவுக்குக் கடல்வழி சுமார் 10,000 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு கிலோ பழத்துக்கு 100 முதல் 200 கிராம்தான் வரும். அதே பழம் விமானத்தில் வந்திருந்தால் 5 கிலோவைத் தாண்டும்.

வாழைக்கு விமானம் தேவைப்படுவதில்லை. முற்றிய காயாக, பச்சையாகவே வெட்டுகிறார்கள். 13 முதல் 14 டிகிரி செல்சியஸில் வைத்தால் அது மூன்று வாரம்கூடத் தூங்கும். போய்ச் சேர்ந்த ஊரில் பழுப்பறைக்குள் அடைத்து, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 முதல் 150 பங்கு எத்திலீன் (காயைப் பழுக்கவைக்கும் வாயு) இருக்கும்படி 24 மணி நேரம் விட்டால் விழித்துக்கொள்ளும். சில நாளில் எல்லாச் சீப்பும் ஒரே மஞ்சள்.

சாகுபடி, கப்பல், பழுப்பறை எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு கிலோ வாழைப்பழத்தின் மொத்தக் கரியமில வாயுக் கணக்கு பொதுவாக ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். அதில் கணிசமான ஒரு பங்கு ரசாயன உரத்துடையது. தழைச்சத்து உரம் இட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது. எடைக்கு எடை அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வீட்டில் ஐந்தில் ஒரு பழத்தை அழுகவிட்டுக் கொட்டினால், சாப்பிட்ட நான்கின் கணக்கும் கால்பங்கு கூடிவிடும். கப்பலை நாம் நிறுத்த முடியாது, குப்பைக்கூடையை நிறுத்தலாம்.

ஒரு திருத்தம்: வாழை என்றாலே கப்பல் என்று எண்ணிவிட வேண்டாம். உலகில் விளையும் வாழையின் பெரும்பகுதி விளைந்த நாட்டிலேயே தின்று தீர்க்கப்படுகிறது. விளைச்சலில் முதலிடம் இந்தியாவுக்கு, ஏற்றுமதியில் முதலிடம் ஈக்வடாருக்கு. கீழே வரும் தொல்லைகளில் பல ஏற்றுமதித் தோட்டங்களுக்கே உரியவை.

வாழைப்பழமே உலகிலிருந்து அழியப்போகிறது என்று அடிக்கடி செய்தி வருகிறது. உண்மையா?

வாழை அழியாது. ஆபத்தில் இருப்பது ஒரே ஒரு கூட்டம்: கேவண்டிஷ். ஆனால் உலக விளைச்சலில் ஏறத்தாழப் பாதியும், ஏற்றுமதியில் அநேகமாக முழுவதும் அதுதான் என்பதால் செய்தி அப்படி வருகிறது.

நாம் தின்னும் வாழைக்கு விதை கிடையாது. பக்கக்கன்றிலிருந்தே அடுத்த மரம். ஆகவே ஒரு நாட்டின் கேவண்டிஷும் இன்னொரு நாட்டின் கேவண்டிஷும் கிட்டத்தட்ட ஒரே செடியின் நகல்கள். ஒன்றை வீழ்த்தத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லாவற்றையும் வீழ்த்தத் தெரியும்.

இது ஒருமுறை நடந்து முடிந்த கதை. 1950கள் வரை ஏற்றுமதிச் சந்தையை ஆண்டது குரோ மிஷல் என்ற ரகம். தடித்த தோல், தாரோடு கப்பலில் ஏற்றினாலும் அடிபடாது. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய் அதைத் தோட்டம் தோட்டமாகச் சாய்த்தது. கம்பெனிகள் முதலில் செய்தது என்ன? நோய்பட்ட நிலத்தைக் கைவிட்டு, புதிதாகக் காட்டை அழித்துக் கன்று நட்டன. நோய் அங்கும் பின்தொடர்ந்தது. வெட்டக் காடு குறைந்த பிறகே, அந்த நோயைத் தாங்கும் கேவண்டிஷுக்கு மாறினார்கள். அது மெல்லிய தோல்காரன். அதனால்தான் சீப்பாக அறுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் வழக்கமே வந்தது.

இப்போது அதே பூஞ்சைக் குடும்பத்தின் இன்னொரு வகை, டி.ஆர்.4, கேவண்டிஷையும் கொல்கிறது. 1990களில் மலேசிய, இந்தோனேசியத் தோட்டங்களில் பேரிழப்பு. 2013ல் மொசாம்பிக். 2019 ஆகஸ்டில் கொலம்பியா உறுதிசெய்தது, 2021ல் பெரு, 2023ல் வெனிசுவேலா. மண்ணில் புகுந்துவிட்டால் வாழையே இல்லாவிட்டாலும் பல பத்தாண்டு உறங்கிக் கிடக்கும். நோய் வந்த மரத்தைக் காப்பாற்றும் மருந்து கிடையாது.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. தைவானில் திசு வளர்ப்பின்போது தற்செயலாகத் தோன்றிய மாற்றங்களிலிருந்து, நோயை ஓரளவு தாங்கும் கேவண்டிஷ் வகைகளைப் பொறுக்கியெடுத்திருக்கிறார்கள். ஒரு காட்டு வாழையின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய கியூகேவ்-4 என்ற ரகத்துக்கு 2024 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா அனுமதி அளித்தது. பெல்ஜியத்தின் லூவன் நகரிலுள்ள கருவூலத்தில் 1,500க்கும் மேற்பட்ட வாழை வகைகள் உறைநிலையிலும் சோதனைக்குழாயிலும் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் குரோ மிஷல் போன இடத்தில் கேவண்டிஷ், கேவண்டிஷ் போன இடத்தில் இன்னொன்று என்று மீண்டும் ஒற்றை ரகத்தையே உலகம் முழுக்க நட்டால், அடுத்த பூஞ்சைக்கு நாமே பந்தி விரிக்கிறோம். சந்தையில் வேறு ரகம் கண்ணில் பட்டால் வாங்குங்கள். அதைப் பயிரிடுபவருக்கு வேறெந்த ஊக்கமும் அத்தனை பலன் தராது.

வாழைத் தோட்டங்களில் விமானத்திலிருந்து மருந்து தெளிப்பது ஏன்? அவ்வளவு தேவையா?

காரணம் கருப்பு சிகடோகா என்ற இலைப்புள்ளி நோய். வாழை ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒரு குருத்து விடும். இந்தப் பூஞ்சை சரியாக அந்த இளம் இலையைத்தான் பிடிக்கிறது. இன்று தெளித்த மருந்து, அடுத்த வாரம் விரியும் குருத்தின் மேல் இருக்காது. எனவே மீண்டும் தெளிக்க வேண்டும். மழை மிகுந்த மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் ஆண்டுக்கு 40 முறைக்கு மேல், சில இடங்களில் 50, 60 முறைகூடத் தெளிக்கிறார்கள். நோய் இலையைத் தின்றுவிட்டால் தார் சிறுக்கும் என்பது ஒரு நட்டம். அதைவிடப் பெரிய நட்டம், இலை குறைந்த மரத்தின் காய் கப்பலிலேயே பழுத்துவிடும் என்பது. ஒரு பெட்டியில் கிளம்பும் எத்திலீன் அக்கம்பக்கத்துப் பெட்டிகளையும் எழுப்பிவிடும்.

விமானத் தெளிப்பில் எல்லாத் துளியும் இலையில் விழுவதில்லை. காற்றடித்தால் ஓடை, பள்ளிக்கூடம், தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் நனையும். கோஸ்டாரிகாவில் வாழைத் தோட்டங்களுக்கு அருகே வசிக்கும் கர்ப்பிணிகளின் சிறுநீரில், மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி சிதைந்து உண்டாகும் பொருள் இருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அளவு கூடுதல். ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் விமானத் தெளிப்பை 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பொதுவாகத் தடைசெய்துவிட்டது. ஆனால் அப்படித் தெளித்து விளைந்த பழத்தை வாங்கத் தடையில்லை!

மருந்து எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு கரீபியக் கடலில் பிரான்சின் ஆட்சியிலுள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளைச் சொல்ல வேண்டும். வாழைக்கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்காக 1972 முதல் 1993 வரை அங்கே குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லியைப் போட்டார்கள். பிரான்ஸ் 1990லேயே அதைத் தடைசெய்தது. இந்தத் தீவுகளுக்கு மட்டும் விதிவிலக்குத் தந்து மூன்றாண்டு நீட்டித்தது. இன்று அங்குள்ள வயது வந்தோரில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் அந்த மருந்து இருக்கிறது. கரையோரம் பல இடங்களில் மீன்பிடிக்கத் தடை. இந்த மருந்தோடு தொடர்புடைய புராஸ்டேட் புற்றுநோயைத் தொழில்சார் நோயாக 2021 டிசம்பரில் பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது. மண்ணிலிருந்து அது நீங்கப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

வேரைத் தாக்கும் நூற்புழுவுக்குப் போட்ட டி.பி.சி.பி. என்ற மருந்து இன்னொன்று. அதைத் தயாரித்த ஆலையின் ஆண் தொழிலாளர்களிடம் மலட்டுத்தன்மை இருப்பது 1977ல் கலிஃபோர்னியாவில் தெரியவந்தது. அமெரிக்கா 1979ல் அநேகமாக எல்லாப் பயன்பாட்டையும் நிறுத்தியது. மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அதைக் கையாண்ட ஆயிரக்கணக்கானோர் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நீதிமன்றப் படியேறினார்கள்.

அப்படியானால் பழத்தை உப்பு நீரில் ஊறவைத்துத்தான் தின்ன வேண்டுமா?

வேண்டாம். தடித்த தோல் இருப்பதால் சதைக்குள் போவது சொற்பம். சீப்பின் கொண்டைப் பகுதி அழுகாமலிருக்க, அறுவடைக்குப் பின் தயபெண்டசோல், இமசலில் போன்ற பூஞ்சைக்கொல்லிகளைப் பூசுகிறார்கள். அது தோலிலும் காம்பிலும் இருக்கும். உரித்த கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். குழந்தைக்குக் கொடுக்குமுன் முழுப் பழத்தைக் குழாய்நீரில் தேய்த்துக் கழுவினால் போதும். இந்த மருந்துகளால் அதிகம் பாதிக்கப்படுபவர் தின்பவர் அல்ல. பெட்டி அடுக்கும் கொட்டகையில் நாள் முழுக்க ஈரக்கையோடு நிற்பவர்.

வாழைத் தோட்டத் தொழிலாளர்களின் நிலை என்ன? நியாய வணிக முத்திரை உள்ள பழத்தை வாங்கினால் பணம் அவர்களுக்குப் போகிறதா?

வேலையைத் தெரிந்துகொண்டால் கூலியின் நியாயம் தானாகவே புரியும். ஒரு தார் 30 கிலோவுக்கு மேல் எடை போடும். ஒருவர் வெட்ட, கீழே நிற்பவர் தோள் மெத்தையில் ஏந்தி, கம்பிவடம் வரை அதைச் சுமக்க வேண்டும். கம்பிவடத்தில் கோத்த தார்களை வரிசையாகக் கொட்டகைக்கு இழுத்துச் செல்வார்கள். அங்கே சீப்பு அறுப்பது, தொட்டியில் பால் போகக் கழுவுவது, தரம் பிரிப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது. கொட்டகை வேலையில் பெண்கள் அதிகம். பல தோட்டங்களில் கூலி பெட்டிக் கணக்கில். ஒரு பெட்டி என்றால் 18.14 கிலோ. பெட்டி நிராகரிக்கப்பட்டால் உழைப்பும் போயிற்று.

விலையை அழுத்துவது மேலிருந்து வருகிறது. பெரிய அங்காடிகள் வாழையை ‘ஆள் இழுக்கும்’ பண்டமாக வைத்து, ஒன்றோடொன்று போட்டி போட்டு விலையைக் குறைக்கின்றன. அந்தக் குறைப்பு இறக்குமதியாளர் வழியாகத் தோட்டத்துக்கு இறங்கி, கடைசியில் கூலியில் வந்து நிற்கிறது.

இந்தத் தொழிலின் கடந்தகாலம் ரத்தக்கறை படிந்தது. 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனாகாவில், யுனைடெட் ஃபுரூட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்களை ராணுவம் சுட்டது. இறந்தோர் எண்ணிக்கை குறித்து இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. 1952ல் குவாதமாலாவின் ஹகோபோ ஆர்பென்ஸ் அரசு நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து, அதே கம்பெனியின் தரிசு நிலங்களை எடுத்துக்கொண்டது. 1954ல் அமெரிக்க உளவு அமைப்பு பின்னிருந்து நடத்திய கவிழ்ப்பில் அந்த அரசு விழுந்தது. பழைய கதை என்று தள்ளவும் முடியவில்லை. கொலம்பியாவில் ஒரு துணை ராணுவக் குழுவுக்குப் பணம் கொடுத்ததை 2007ல் அதே கம்பெனியின் வாரிசான சிகிட்டா நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, 2.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. 2024ல் ஃபுளோரிடா ஜூரி, அந்தக் குழு கொன்றவர்களின் குடும்பங்களுக்கு 3.83 கோடி டாலர் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இனி முத்திரை. ஃபேர்டிரேட் என்ற நியாய வணிக முத்திரையில் இரண்டு பணம் உண்டு. ஒன்று, நாட்டுக்கு நாடு மாறும் குறைந்தபட்ச விலை. சந்தை சரிந்தாலும் அதற்குக் கீழே வாங்கக்கூடாது. மற்றொன்று, 18.14 கிலோ பெட்டிக்கு ஒரு டாலர் ஊக்கத்தொகை. தோட்டத் தொழிலாளர்களோ சிறு விவசாயிகளின் சங்கமோ கூடி முடிவெடுத்து அதைச் செலவிடலாம். 2021 முதல், வாழைத் தோட்டங்களில் கைக்கு வரும் கூலி, வாழ்க்கைக்கூலியில் (ஒரு குடும்பம் கண்ணியமாக வாழத் தேவையான கூலி) குறைந்தது 70 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. ஆக, பணம் போகிறது. ஆனால் முத்திரை பெற்ற தோட்டம் தன் பழத்தில் ஒரு பகுதியை மட்டுமே அந்த விலைக்கு விற்க முடிந்தால், மீதி சாதாரண விலைக்கே போகும். ஊக்கத்தொகையும் விற்ற பெட்டிக்கு மட்டும்தான். தவளைப் படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை வேறு ரகம். அதில் சுற்றுச்சூழல், தொழிலாளர் விதிகள் உண்டு, குறைந்தபட்ச விலை கிடையாது. கூலிதான் உங்கள் கவலை என்றால் முதல் முத்திரையைத் தேடுங்கள்.

இயற்கை முறையில் விளைந்தது என்று எழுதியிருந்தால் எல்லாம் சரிதானே?

பாதி சரி. செயற்கை மருந்து, செயற்கை உரம் இல்லை. அது பெரிய விஷயம். ஆனால் கூலியைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஏற்றுமதிக்கான இயற்கை வாழை பெரும்பாலும் பெருவின் வட கடற்கரை, டொமினிகன் குடியரசு போன்ற வறண்ட இடங்களிலிருந்து வருகிறது. அங்கே ஈரம் குறைவு என்பதால் சிகடோகா தலைதூக்குவதில்லை. மருந்தை மிச்சப்படுத்தும் அதே வறட்சி, பாசன நீரைக் கேட்கிறது. மழைக்காட்டு ஓரத்தில் மருந்து, பாலை ஓரத்தில் தண்ணீர்: வாழை ஏதோ ஒரு பக்கம் விலை வாங்கிவிடும்.

சிறு நிலத்தில் வாழை நடுகிறேன். மருந்தைக் குறைக்க நடவிலேயே என்ன செய்யலாம்?

நடவில் செய்வதுதான் பாதி வைத்தியம். திசு வளர்ப்புக் கன்று கிடைத்தால் நூற்புழுவும் கூன்வண்டும் இல்லாமல் தொடங்கலாம். கிடைக்காவிட்டால் ஈட்டி போன்ற ஒடுங்கிய இலையுடைய கன்றைத் தேர்ந்தெடுங்கள். அகன்ற இலை விட்ட நீர்க்கன்று வேண்டாம், அதன் கிழங்கில் பலமிருக்காது. கன்றைத் தோட்டத்துக்கு வெளியே வைத்து, வேர்களையும் கிழங்கின் மேல்தோலையும் வெள்ளை தெரியும்வரை சீவுங்கள். செம்பழுப்புக் கறை, துளை ஆழமாகப் போயிருந்தால் அந்தக் கன்றைத் தள்ளுங்கள். பிறகு வெந்நீர்: 53 முதல் 55 டிகிரியில் 20 நிமிடம். வெப்பமானி இல்லையென்றால் தளதளவென்று கொதிக்கும் நீரில் 30 நொடி, எண்ணி எடுக்க வேண்டும். 30 நொடி ஒரு நிமிடமானால் கிழங்கு வெந்துவிடும். பெரிய பாத்திரத்தில் சில கன்றுகள் மட்டும் போடுங்கள். நிறையப் போட்டால் நீர் ஆறி, புழு பிழைத்துக்கொள்ளும். சீவிய கழிவை வயலில் போடாதீர்கள். பதப்படுத்திய கன்றைப் பழைய வாழைக்கொல்லையில் இரவு முழுக்கப் போட்டு வைத்தால் வண்டு மறுபடி முட்டையிடும், செய்த வேலை வீண்.

இது நூற்புழுவுக்கும் வண்டுக்கும் மட்டும். வாடல் நோயையும் வைரஸ் நோய்களையும் வெந்நீர் போக்காது. வாடலுக்கு அடையாளம்: அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, மடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும். தண்டை வெட்டினால் நரம்புகளில் செம்பழுப்புக் கோடுகள். அப்படிப்பட்ட மரத்தை வெட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள், வழியெல்லாம் விதைத்ததாகிவிடும். அந்த இடத்தை வேலியிட்டு மறித்து, வேளாண் துறைக்குச் சொல்லுங்கள். காலணி, மண்வெட்டி, வண்டிச்சக்கரத்தில் ஒட்டிய மண்ணை முதலில் தேய்த்துக் கழுவிய பிறகே கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். மண்ணோடு நனைத்தால் மருந்தின் வீரியத்தை மண்ணே தின்றுவிடும். பலரும் தவறுவது இந்த வரிசையில்தான்.

பெரிய தோட்டம் போலத் தெளிக்காமல் சிகடோகாவை அடக்க, வாரம் ஒருமுறை நடந்து, புள்ளி படர்ந்த இலைப்பகுதியை மட்டும் அறுத்துத் தரையில் கவிழ்த்துப் போடுங்கள். தார் வெட்டும்வரை மரத்தில் எட்டு நல்ல இலை நின்றால் நல்லது. தாய் மரத்துக்கு ஒரு பக்கக்கன்று போதும். நெருக்கினால் ஈரம் தங்கும். நோயில்லாத மரத்தின் தண்டை, தார் வெட்டிய பிறகு துண்டு போட்டு மூடாக்காகப் பரப்பினால், வாழை உறிஞ்சிய சாம்பல்சத்தில் பெரும்பகுதி வயலுக்கே திரும்பும்.

கரும்புள்ளி விழுந்த பழம், சீப்பிலிருந்து பிரிந்த ஒற்றைப் பழம் இவற்றை வாங்கலாமா? வீட்டில் சீக்கிரம் கறுத்துப்போகாமல் வைப்பது எப்படி?

தாராளமாக. தோலில் சிறு பழுப்புப் புள்ளி என்றால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிட்டது என்று பொருள். இலை உரசிய வடு வெறும் தோற்றக் குறை. ஒற்றைப் பழங்களைப் பலர் தொடாமல் போவதால் கடையில் அவையே அதிகம் குப்பைக்குப் போகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் வளைந்த வாழைக்குத் தடை போட்டது என்ற வேடிக்கைக் கதையில் பாதிதான் உண்மை. பச்சையாக வரும் பழத்துக்கு 14 செ.மீ. குறைந்தபட்ச நீளம், 27 மி.மீ. பருமன் என்ற விதி உண்டு. அளவுமீறிய வளைவு கூடாது என்பது உயர்தரங்களுக்கு மட்டும்.

பச்சைப் பழத்தைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் நிறமாகும், பிறகு வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது. முழுதும் பழுத்த பின் வைக்கலாம். தோல் கறுக்கும், ஆனால் சதை சில நாள் நன்றாகவே இருக்கும். ஆப்பிளோடு ஒரே கூடையில் போட்டால் சீக்கிரம் கனியும். அவசரமாகப் பழுக்க வேண்டுமானால் காகிதப்பையில் ஆப்பிளோடு மூடிவையுங்கள். கார்பைடு கல் மட்டும் வேண்டாம். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். மிஞ்சியதை உரித்து, துண்டாக்கி, உறையவைத்துவிடுங்கள். தோலோடு உறையவைத்தால் பின்னால் உரிக்கப் படாதபாடு படுவீர்கள்.

வாழைத்தோல் ஊறிய நீரைச் செடிக்கு ஊற்றினால் நல்ல உரம் என்கிறார்கள். சரியா?

சாம்பல்சத்து கொஞ்சம் கரையும், தழைச்சத்து சொற்பம். சர்க்கரை புளித்து, ஈயும் கொசுகும் வரும். தோலை மட்கவைப்பதே மேல். இரண்டு மூன்று செ.மீ. துண்டாக நறுக்கி, ஒரு பங்கு தோலுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை சேர்த்து, மேலே ஓர் அங்குலமாவது காய்ந்த இலையால் மூடுங்கள். வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் மட்கும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், இலை சேர்க்கவும். எறும்பு குடியேறினால் காய்ந்துவிட்டது, நீர் தெளிக்கவும். போடுமுன் தோலில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரைக் கிழித்தெடுங்கள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக்; அடுத்த ஆண்டும் உங்கள் தொட்டியில் அப்படியே கிடக்கும்.